நீர் எழுதிய எழுத்து

ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்பது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கி வரும் சொல். காலையில் எழுந்ததும் ஒரு குச்சியை ஒடித்துப் பல் துலக்குகிறவனுக்குப் பல் நிலைக்கும், சோம்பிக் கிடப்பவனுக்குக் கெடும் என்பது அதன் உட்பொருள். குச்சியின் இடத்தில் பின்னர் பற்பொடி வந்தது, பற்பசை வந்தது. உட்பொருள் மட்டும் மாறவில்லை. பல் என்பது அவரவர் ஒழுக்கத்துக்குச் சாட்சி என்றே இன்றும் நாம் நம்புகிறோம். பழுப்பேறிய பற்களோடு ஒருவர் நம்மைப் பார்த்துச் சிரித்தால், அவர் புகை பிடிப்பவர், புகையிலை போடுபவர், அல்லது பல் துலக்காதவர் என்று கணநேரத்தில் தீர்ப்பு எழுதி விடுகிறோம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் சில ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்குச் சென்று பார்த்தவர்களுக்கு இந்தத் தீர்ப்பின் அநியாயம் விளங்கும். அங்கே புகையிலையை அறியாத எட்டு வயதுப் பிள்ளைகளின் முன்பற்களில் சுண்ணாம்பு தெளித்தாற்போல் வெண்புள்ளிகளும், அவற்றின் குறுக்கே பழுப்புக் கோடுகளும் கிடக்கும். எந்தக் குச்சியாலும் பசையாலும் அவை போவதில்லை. நிலையாத ஒன்றைச் சொல்ல நம் மொழி வைத்திருக்கும் உவமை ‘நீர்மேல் எழுத்து’. இந்தப் பிள்ளைகளின் விஷயத்தில் எழுதுவது நீர், எழுதப்படுவது பல், அந்த எழுத்து ஆயுள் முழுதும் அழிவதில்லை. இவ்வெழுத்தை மனிதர்கள் எப்படிப் படிக்கக் கற்றார்கள், படித்த பின் என்ன செய்தார்கள் என்பதே இக்கட்டுரையில் நாம் பார்க்க விரும்புவது.

கதை வெகு தொலைவில், அமெரிக்காவின் ராக்கி மலைச் சாரலில் தொடங்குகிறது. 1901இல் பிரெடெரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் தொழில் செய்ய வந்து சேர்ந்தார். அவ்வூரில் பிறந்து வளர்ந்தவர்கள் பலரின் பற்களில் காப்பி நிறத்தில் கறை இருந்தது. உள்ளூர்க்காரர்கள் அதற்கு ‘கொலராடோப் பழுப்புக் கறை’ என்று பெயரே வைத்திருந்தார்கள். பன்றி இறைச்சி அதிகம் தின்பதால் என்றார் ஒருவர். பால் சரியில்லை என்றார் மற்றொருவர். எவருக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை. அதே 1901ஆம் ஆண்டில், இத்தாலியின் நேப்பிள்ஸ் துறைமுகத்தில் அமெரிக்காவுக்குக் குடியேறச் சென்றவர்களைப் பரிசோதித்துக்கொண்டிருந்த ஈகர் என்ற அமெரிக்க மருத்துவ அதிகாரியும், எரிமலை மண்ணில் வளர்ந்த மக்களின் கருத்த பற்களைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். ஒருவரை ஒருவர் அறியாத இருவர், இரண்டு கண்டங்களில், ஒரே எழுத்தை அதன் மொழி தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

1909இல் மெக்கே தம் காலத்தின் மிகப் பெரிய பல் ஆய்வாளரான ஜி. வி. பிளாக்கைத் தம்முடன் சேர்த்துக்கொண்டார். 1915இல் பிளாக் மறையும்வரை நடந்த கூட்டு ஆய்வில் இரண்டு உண்மைகள் தெளிந்தன. முதலாவது, கறை வெளியிலிருந்து ஒட்டியது அல்ல. பல் உருவாகும்போதே நேர்ந்த குறை. வேற்றூரிலிருந்து பெரியவர்களாகக் குடியேறியவர்களுக்கு அது வரவில்லை. அவ்வூரில் குழந்தைப் பருவத்தைக் கழித்தவர்களுக்கே வந்தது. இரண்டாவது, எவரும் எதிர்பாராதது: பார்வைக்கு அவலமாயிருந்த அந்தப் பற்களில் சொத்தை குறைவாயிருந்தது.

முதல் உண்மையைப் புரிந்துகொள்ளப் பல் உருவாகும் விதத்தைச் சற்று அறிய வேண்டும். பல்லின் மேலே எனாமல் என்னும் கண்ணாடி போன்ற பூச்சு இருக்கிறது. உடலிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். நிலைப்பற்களுக்கான எனாமல், குழந்தை பிறந்த காலம் தொட்டு ஏறத்தாழ எட்டு வயதுவரை, ஈறுக்குள் ஒளிந்தபடி மெல்ல மெல்ல வார்க்கப்படுகிறது. வார்க்கும் செல்கள் தம் வேலை முடிந்ததும், பல் முளைக்கும் முன்பே மறைந்து போகின்றன. எலும்பு முறிந்தால் கூடும். தோல் கிழிந்தால் மூடும். எனாமலில் நேர்ந்த பிழையைத் திருத்த உடலில் ஆள் கிடையாது. ஆகவே முன்பல் என்பது, ஒருவர் மூன்று நான்கு வயதில் எந்தத் தண்ணீரைக் குடித்தார் என்பதற்கான கல்வெட்டு. வேறு ஊர் போனாலும், வேலை மாறினாலும், செல்வம் வந்தாலும் அது உடன் வரும்.

அந்தத் தண்ணீரில் என்ன இருந்தது என்பது மெக்கேக்குத் தெரியவில்லை. ஆனால் குற்றவாளி தண்ணீர்தான் என்ற முடிவுக்கு அவர் வந்துவிட்டார். 1923இல் ஐடஹோ மாநிலத்து ஓக்லி என்னும் சிற்றூரின் பெற்றோர்கள், ஐந்து மைல் தொலைவிலுள்ள வெந்நீர் ஊற்றிலிருந்து ஊருக்குக் குழாய் போட்ட பிறகுதான் பிள்ளைகளின் பல் கறைபடத் தொடங்கியது என்று அவரிடம் சொன்னார்கள். தண்ணீரைச் சோதித்ததில் சந்தேகத்துக்கிடமாக எதுவும் அகப்படவில்லை. ஆயினும் அந்தக் குழாயைக் கைவிட்டு வேறு ஊற்று நீருக்கு மாறுங்கள் என்றார் அவர், ஊர் மாறியது. சில ஆண்டுகளில், அடுத்துப் பல் முளைத்த சிறுவர்கள் கறையின்றிச் சிரித்தார்கள். காரணம் என்ன என்று அறிவதற்கு முன்பே, காரணம் எங்கே இருக்கிறது என்று அறிந்து செயல்பட்ட ஊர் ஓக்லி. இதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

விடை கிடைத்தது ஆர்கன்சா மாநிலத்தின் பாக்சைட் என்ற ஊரால். அலுமினியத் தாதுவின் பெயரையே தன் பெயராகக் கொண்ட அவ்வூர், அல்கோவா நிறுவனத்தின் சுரங்கத் தொழிலாளர்களுக்காக எழுந்தது. அங்கே பிள்ளைகளின் பல்லில் கறை இருந்தது. ஐந்தே மைல் தள்ளியிருந்த பக்கத்து ஊரில் இல்லை. இச்செய்தி அல்கோவாவின் தலைமை வேதியியலாளர் சர்ச்சிலின் மேசைக்கு வந்தபோது அவர் கலங்கினார். அலுமினியப் பாத்திரங்கள் நஞ்சு என்ற வதந்தி உலவிய காலம் அது. பழி அலுமினியத்தின் மேல் விழுமோ என்ற அச்சத்தில், வழக்கமான சோதனையில் தேடாத பொருள்களையும் நிறமாலைக் கருவி கொண்டு தேடச் செய்தார். 1931இல் விடை வந்தது: அளவுக்கு மீறிய ஃப்ளூரைடு. அதே ஆண்டில் அரிசோனாவில் மார்கரெட் ஸ்மித் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடன் பணியாற்றியவர்களும் தம் வழியில் இதே முடிவை எட்டியிருந்தனர்.

இதன் பின் அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறையைச் சேர்ந்த டிரெண்ட்லி டீன், ஊர் ஊராகத் தண்ணீரையும் பற்களையும் ஒப்பிட்டு அட்டவணைப்படுத்தினார். 21 நகரங்களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்துத் தொகுத்த கணக்கில், லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவில் ஃப்ளூரைடு இருந்தால் சொத்தை வெகுவாகக் குறைகிறது, கறையோ கண்ணில் படும் அளவுக்கு வருவதில்லை என்று தெரிந்தது. 1945 ஜனவரி 25 அன்று மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராபிட்ஸ் நகரம், குடிநீரில் ஃப்ளூரைடைத் தானே கலந்த முதல் நகரமாயிற்று. பதினோரு ஆண்டுகளுக்குப் பின், கலப்புத் தொடங்கிய பிறகு பிறந்த பிள்ளைகளிடம் சொத்தை அறுபது விழுக்காட்டுக்கும் மேல் குறைந்ததாக டீன் அறிவித்தார். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம்மவர்கள் சொன்னதற்கு இதைவிடத் துல்லியமான வேதியியல் உதாரணம் கிடைப்பது அரிது.

ஆனால் அந்த ‘அளவு’ எல்லா ஊருக்கும் ஒன்றல்ல. மிச்சிகன் குளிரில் ஒரு சிறுவன் குடிக்கும் தண்ணீரும், பாலைநிலமான அரிசோனாவில் ஒரு சிறுவன் குடிக்கும் தண்ணீரும் சமமாக இருக்க முடியாது. இதைக் கவனித்த கலகன் என்ற அமெரிக்க ஆய்வாளர், ஊரின் வெப்பநிலையைக் கொண்டு தகுந்த அளவைக் கணிக்க 1957இல் வெர்மிலியனுடன் சேர்ந்து ஒரு சூத்திரம் வகுத்தார். வெயிலின் கணக்கை அந்தச் சூத்திரம் சொல்லிவிட்டது. உழைப்பின் கணக்கை நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். விசிறிக்கு அடியில் அமர்ந்திருப்பவர் குடிக்கும் தண்ணீரும், கல் குவாரியிலும் நிலக்கடலைக் காட்டிலும் வேலை செய்பவர் குடிக்கும் தண்ணீரும் ஒன்றா? ஒரே குழாய் நீரில் ஏழையின் பங்குக்குக் கூடுதல் ஃப்ளூரைடு வந்து சேர்கிறது. இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு தண்ணீர் இல்லாதபோது ஒன்றரை வரை பொறுக்கத்தக்கது என்றும் சொல்கிறது. ‘வேறு தண்ணீர் இல்லாதபோது’ என்ற அந்தச் சொற்றொடருக்குள் எத்தனை ஊர்கள் அடங்கிவிடுகின்றன!

இனி நம் பக்கத்துக்கு வருவோம். அமெரிக்காவில் விடை கிடைத்து ஆறே ஆண்டுகளில், 1937இல், சென்னை மாகாணத்தில் ஃப்ளூரைடு நோய் இருப்பது மருத்துவ இதழ்களில் பதிவாகியது. ஆய்வு நடந்தது அன்றைய நெல்லூர் மாவட்டத்தில். அதை முன்னின்று நடத்தியவர்கள் ஷார்ட், சி. ஜி. பண்டிட், டி. என். எஸ். ராகவாச்சாரி ஆகியோர். களம் நெல்லூர் என்றாலும், ஆய்வின் மையம் கிண்டியிலுள்ள கிங் நிலையம். மலேரியாக் கிருமி கல்லீரலில் வளரும் பருவத்தை 1948இல் கார்ன்ஹாமுடன் சேர்ந்து கண்டறிந்தவர் இதே ஷார்ட். பண்டிட் பின்னாளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநரானார்.

அவர்கள் கண்டது அமெரிக்கர்கள் கண்டதைவிடக் கொடியது. பிள்ளைகளுக்குப் பல்லில் கறை. நடுவயதை எட்டியவர்களுக்கோ முதுகெலும்பு இறுகி, கழுத்தைத் திருப்ப முடியாமல், குனிந்த உடல் குனிந்தபடியே நின்றுவிட்டது. பல் கறை என்பது நோயின் முகவரி மட்டுமே. நோய் எலும்புக்குள் குடியிருந்தது. 1940இல் பண்டிட்டும் ராகவாச்சாரியும் பிறரும் வெளியிட்ட அடுத்த ஆய்வு, தண்ணீரோடு ஊட்டக்குறைவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று சுட்டியது. அதாவது, ஒரே கிணற்றில் நீர் இறைத்தாலும் வயிறார உண்பவரையும் உண்ணாதவரையும் நோய் ஒரே மாதிரி நடத்துவதில்லை.

இந்த நிலத்தில் ஏன் இப்படி? நம் உள்நாட்டு மேட்டுநிலங்களின் அடியில் கிடப்பது பழமையான கருங்கற் பாறை. அதிலுள்ள சில கனிமங்களில் ஃப்ளூரைடு உறைந்திருக்கிறது. பாறை வெடிப்புகளில் நீர் நெடுங்காலம் தேங்கும்போது அது கரைந்து வருகிறது. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து மிகுந்திருந்தால் ஃப்ளூரைடைப் பிடித்துப் படியவைத்துவிடும். ஆனால் மழை குறைந்து வெயில் மிகுந்த நிலத்தில் அந்தச் சுண்ணாம்பு, சுக்கான்கல்லாக மண்ணிலேயே படிந்துவிடுகிறது. தடுப்பாரற்ற ஃப்ளூரைடு நீரில் தங்கிவிடுகிறது. நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. உவர்த் தண்ணீரை நாக்கு கண்டுபிடித்துத் துப்பிவிடும். இதை நாக்கு நல்ல தண்ணீர் என்றே சொல்லும்.

பாறை பழையது, ஆனால் நோய் இவ்வளவு பரவியதற்குப் பாறையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஏரியும் குளமும், மழைநீர் ஊறும் திறந்த கிணறும் குடிநீர் தந்த காலத்தில், பாறையின் ஆழத்து நீர் பல ஊர்களில் மக்களின் குடத்துக்கு வரவில்லை. ஆனால் அந்த ஏரியும் கிணறும் காலராவையும் நரம்புச் சிலந்தியையும் கொண்டுவந்தன. 1967இன் வறட்சியை ஒட்டி யுனிசெப் உதவியோடு பாறையைத் துளைக்கும் எந்திரங்கள் இந்தியாவுக்கு வந்தன. அதன்பின், கோயம்புத்தூர்ப் பகுதியில் சோதிக்கப்பட்டுச் சென்னையில் பெருமளவில் தயாரான ‘இந்தியா மார்க் 2’ கைபம்பு ஊர்தோறும் நின்றது. எத்தனையோ குழந்தைகளின் உயிரைக் காத்தவை அந்த ஆழ்துளைக் கிணறுகள். நரம்புச் சிலந்தி இல்லாத நாடு என்று 2000இல் இந்தியா சான்று பெற்றதில் அவற்றுக்கும் பங்குண்டு. ஆனால் கிருமி என்ற ஓர் எதிரியையே மனத்தில் கொண்டு தோண்டியவர்கள், பாறைக்குள்ளிருந்த மற்றோர் எதிரியை ஊருக்குள் அழைத்துவந்தார்கள். பாசன மோட்டார்கள் பெருகி நிலத்தடி நீர் இறங்க இறங்க, துளையும் ஆழமாயிற்று. ஆழத்தோடு பல ஊர்களில் ஃப்ளூரைடும் ஏறிற்று. இங்கே வில்லன் என்று எவரையும் சுட்ட முடியவில்லை என்பதே இந்த வரலாற்றின் துயரம்.

ஆந்திரத்தின் பகுதியாக அன்றிருந்த நல்கொண்டாவில், முழங்கால்கள் உள்நோக்கி வளைந்த சிறுவர்களைப் பற்றி ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைச் சேர்ந்த கிருஷ்ணமாச்சாரியும் கமலா கிருஷ்ணசாமியும் 1973இல் எழுதினார்கள். சோளத்தை முதன்மை உணவாகக் கொண்டவர்களின் உடலில், அரிசி உண்பவரைக் காட்டிலும் ஃப்ளூரைடு கூடுதலாகத் தங்குகிறது என்பதும் அப்பத்தாண்டிலேயே தெரிந்தது. நாகபுரியின் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம், படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து ஃப்ளூரைடைப் படியவைக்கும் எளிய முறையை வகுத்து அதற்கு நல்கொண்டாவின் பெயரையே சூட்டியது. முறை சரியானதுதான். ஆனால் அதை வீட்டில் செய்ய வேண்டியவர் யார்? விடியற்காலையில் கைபம்பில் வரிசை நின்று, குடம் சுமந்து, சமைத்துவிட்டுக் கூலிக்குப் புறப்படும் பெண். அவர் தினமும் அளந்து போட்டு, கலக்கி, தெளிய வைத்து, இறுத்து, கசடை அகற்ற வேண்டும். தவறியும் தவறாமலும் இதைச் செய்தால்தான் பிள்ளையின் பல் தப்பும் என்றால், மறுபடியும் நாம் ஆலங்குச்சிக்கே திரும்பிவிட்டோம்: ஊரின் பாறையும் அரசின் துளையும் செய்ததற்கு ஒரு தாயின் கையே பொறுப்பு!

இந்தக் கறையின் இன்னொரு சுமை அளவைக்குள் அடங்காதது. சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்ளும் பெண்ணையும், புகைப்படத்துக்கு உதடு பிரிக்காமல் நிற்கும் இளைஞனையும் நம்மில் பலர் பார்த்திருக்கக்கூடும். பெண் பார்க்க வந்த வீட்டிலும், நகரத்துக் கடையில் வேலை கேட்டு நிற்கும் இடத்திலும், நாம் முதலில் சொன்ன தீர்ப்பு அவர்களுக்காகக் காத்திருக்கிறது. காசுள்ளவர்கள் பல்லுக்கு மேலுறை போட்டுக்கொள்ளலாம். கேன் தண்ணீர் வாங்கி அடுத்த தலைமுறையைக் காத்துக்கொள்ளலாம். இல்லாதவர்களுக்குத் தம் ஊர்த் தண்ணீரின் குற்றம் தம் முகத்தின் குற்றமாகிவிடுகிறது.

செல்வ நாடுகளில் இதே வேதிப்பொருளைப் பற்றிய வாதம் வேறு திசையில் நடக்கிறது. அமெரிக்கா தான் கலக்கும் அளவை 2015இல் லிட்டருக்கு 0.7 மில்லிகிராமாகக் குறைத்துக்கொண்டது. 2025இல் யூட்டாவும் புளோரிடாவும் கலப்பதையே சட்டத்தால் நிறுத்தின. 2011இல் நிறுத்தி, பிள்ளைகளிடம் சொத்தை கூடியதைக் கண்ட கனடாவின் கால்கரி நகரம் அதே 2025இல் மீண்டும் கலக்கத் தொடங்கியது. கலப்பதா வேண்டாமா என்று வாக்கெடுப்பு நடத்தும் வசதி அவர்களுக்கு இருக்கிறது. பாறை கலந்து தருவதை மறுக்கும் வாக்குச்சீட்டு நம் ஊர்களிடம் இல்லை.

இருந்த ஒரே உண்மையான தீர்வு ஓக்லியின் தீர்வுதான்: வேறு தண்ணீர். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுசெல்லும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃப்ளூரைடு நோய்த் தணிப்பு என்ற சொற்கள் இருக்கின்றன. ஜப்பானின் கடனுதவியோடு 2008இல் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அவ்வாண்டே அது இரு மாநிலங்களுக்கிடையே பூசலாக வெடித்ததையும், ஊர்வலங்களும் உண்ணாவிரதமும் நடந்ததையும் நாம் மறந்திருக்க மாட்டோம். காவிரி என்ற சொல் எழுப்பிய ஆரவாரத்தில், பிள்ளைகளின் பல்லும் முதியவர்களின் முதுகெலும்பும் அதிகம் பேசப்படவில்லை. ஏறத்தாழ 1,900 கோடி ரூபாய்ச் செலவில் முடிந்த அத்திட்டம் 2013 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்டது.

கிண்டியிலிருந்து சென்ற ஆய்வாளர்கள் எழுதியது 1937. ஒகேனக்கல் நீர் வந்தது 2013. இடையில் எழுபத்தாறு ஆண்டுகள். ஓக்லிக்காரர்கள் காரணம் தெரியாமலே குழாயை மாற்றினார்கள். நம்மிடம் காரணம் அச்சில் இருந்தது. எந்தத் தண்ணீர், எவ்வளவு, யாரை அதிகம் தாக்கும் என்பதெல்லாம் இருந்தது. ஓக்லி ஒரு சிற்றூர், நம்முடையவை பல்லாயிரம் ஊர்கள் என்று ஒருவர் வாதிடலாம். அதில் நியாயமும் உண்டு. ஆனால் அறிவு குறைந்ததால் அல்ல, அந்த அறிவை யாருடைய பிள்ளைக்காகப் பயன்படுத்த வேண்டியிருந்தது என்பதால்தான் இத்தனை காலம் ஆயிற்று என்ற ஐயம் நமக்கு எழாமலில்லை. தலைநகரில் உள்ளவர்களின் பிள்ளைகளுக்கு இந்தக் கறை வந்திருந்தால் எழுபத்தாறு ஆண்டுகள் ஆகியிருக்குமா?

குழாய் போட்டதோடும் கதை முடிவதில்லை. தண்ணீர் வாராத நாளில் கை தானாகப் பழைய பம்பைத்தான் தேடும். எனாமல் வார்க்கும் செல்களுக்கு விடுமுறை நாள் தெரியாது. அந்த நாள்களையும் அவை பதிவு செய்துகொண்டிருக்கும். ஆகவே அரசின் அறிக்கைகளைவிட நம்பத்தக்க அறிக்கை, ஆறேழு வயதில் முளைக்கும் முன்பற்களே. காவிரி நீர் இடையறாது வந்த தெரு எது, வாராத தெரு எது என்பதை அந்தத் தெருப் பிள்ளைகள் வாய் திறந்து சிரிக்கும்போது எவரும் படித்துக்கொள்ளலாம். அடுத்த முறை பழுப்பேறிய பல்லோடு ஒருவரைப் பார்க்கையில், பல் துலக்குவாரா என்ற கேள்விக்கு முன்னால், சிறு வயதில் எந்த ஊர்த் தண்ணீர் என்ற கேள்வி நம் மனத்தில் எழுமானால், இதை எழுதியதற்கு அதுவே போதும்.